எடுக்க வேண்டிய தேதி: ஸ்டென்ட் வைத்த குழந்தைகளும் சிறுநீர்த் தொற்றும்

சிறுநீரக ஆபரேஷன் முடிந்து குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: இத்தனாவது வாரம் ஸ்டென்ட் எடுக்க வரவும். மேலே உள்ள மருந்துப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படிக்கும் பெற்றோர், இந்த வரியைப் பெரும்பாலும் ஒரு தடவையோடு விட்டுவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்றைத் தடுப்பதில் சீட்டில் இருக்கும் எந்த சிரப்பையும்விட அந்த வரிக்கு வலு அதிகம்.

சிறுநீரகத்தில் ஊறும் சிறுநீர் சிறுநீர்ப்பைக்கு இறங்கி வரும் மெல்லிய குழாய்க்கு யூரிட்டர் என்று பெயர். சில குழந்தைகளுக்கு அது சிறுநீரகத்தை விட்டுப் புறப்படும் இடத்திலேயே குறுகலாக இருக்கும். ஏறக்குறைய 1,500 பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது. ஆண் குழந்தைகளுக்குக் கூடுதல், இடப்பக்கச் சிறுநீரகத்தில் கூடுதல். இப்போதெல்லாம் கர்ப்ப கால ஸ்கேனிலேயே ‘சிறுநீரகம் வீங்கியிருக்கு’ என்று சொல்லிவிடுவதால், பல தாய்மார்களுக்குப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே கவலை தொடங்கிவிடுகிறது. அப்படி வீக்கம் தெரிகிற எல்லாக் குழந்தைக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். தேவைப்படுகிற சிலருக்குக் குறுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். அந்தத் தையல் ஆறும்வரை உள்ளே தாங்கலாக ஒரு குழாய் வைப்பார்கள். அதுதான் ஸ்டென்ட். கல் எடுத்த பிறகும், சிறுநீர் மேல்நோக்கித் திரும்புவதைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்குப் பிறகும், சிறுநீரக மாற்று சிகிச்சையிலும் இதையே வைப்பதுண்டு.

இரண்டு முனையும் சுருண்டு, ஒன்று சிறுநீரகத்திலும் மற்றொன்று சிறுநீர்ப்பையிலும் பிடித்துக்கொள்ளும் ‘டபுள் ஜே’ ஸ்டென்டை 1978-ல் அமெரிக்க மருத்துவர் ராய் ஃபின்னி அறிமுகப்படுத்தினார். ஆஸ்பத்திரிப் பேச்சில் அது டிஜே. குழந்தைகளுக்கு வைப்பது ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். நீளத்துக்கு ஒரு சுலபமான கணக்கு சொல்வார்கள்: குழந்தையின் வயதோடு பத்தைக் கூட்டினால் எத்தனையோ அத்தனை சென்டிமீட்டர். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பதினைந்து சென்டிமீட்டர். பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. அது உள்ளே இருப்பதே மறந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனை சிறிய குழாய் தொற்றுக்கு எப்படி வழி செய்கிறது? யூரிட்டர் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் குழாய் இல்லை. புழு நெளிவது போல அலை அலையாகச் சுருங்கிச் சிறுநீரைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். அது சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடத்தில் ஒருவழிக் கதவு மாதிரியான அமைப்பு உண்டு. குழந்தை முக்கிச் சிறுநீர் கழிக்கும்போது அது மூடிக்கொள்ளும், பையில் இருப்பது மேலே ஏறாது. ஸ்டென்ட் வைத்தால் இரண்டு காவலும் தளர்ந்துவிடுகின்றன. தள்ளும் அலை மந்தமாகிறது. கதவு, நடுவே குழாய் இருப்பதால், முழுதாக மூட முடிவதில்லை. சிறுநீர்ப்பை நிரம்பி அழுத்தம் கூடியதும் சிறுநீர் மேலே போகிறது. ஒன்னுக்குப் போகும்போது குழந்தை முதுகைப் பிடித்துக்கொண்டு ‘இங்க வலிக்குது’ என்று விலாவைக் காட்டுவது இதனால்தான். பையில் கிருமி இருந்தால் அதற்கும் அதே பாதை திறந்திருக்கிறது.

இன்னொரு காரணம் ஸ்டென்டின் மேற்பரப்பு. உடம்புக்குள் வைத்த கொஞ்ச நேரத்திலேயே சிறுநீரில் உள்ள புரதங்கள் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அந்தப் படலத்தில் பாக்டீரியா ஒட்டுகிறது, பெருகுகிறது, தன்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு போர்வையை உண்டாக்கிக்கொள்கிறது. தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் பாசி பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: மேலே எவ்வளவு நல்ல தண்ணீர் ஓடினாலும் பாசி போகாது. அந்தப் போர்வைக்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாட்டிக்கும் சரிவர எட்டுவதில்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியும் எட்டுவதில்லை. எடுத்த ஸ்டென்டையே கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டறியும் பரிசோதனை) செய்து பார்த்த ஆய்வுகளில், சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்த பலருக்கும் குழாயில் கிருமி இருந்திருக்கிறது. உள்ளே இருக்கும் நாள் கூடக் கூட இதுவும் கூடுகிறது.

புரோட்டியஸ் என்ற பாக்டீரியா வந்து சேர்ந்தால் தொல்லை இரட்டிப்பு. அது யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். சிறுநீரின் தன்மை காரத்துக்கு மாறும். உப்புகள் படிகமாகிக் குழாய்மேல் ஓடாகப் படியும். மாதக்கணக்கில் விட்டால் ஸ்டென்டே கல்லாகிப்போகும். ஐந்து நிமிட வேலையாக முடிய வேண்டியது, கல்லை உடைத்துக் குழாயை விடுவிக்கும் இன்னொரு பெரிய ஆபரேஷனில் வந்து நிற்கும்.

ஆக, தேதி. தையல் போட்ட ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம், கல் எடுத்த பிறகு அதைவிடக் குறைவு. சரியான நாளை ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல முடியும்; பெற்றோர் செய்ய வேண்டியது அதைத் தவறவிடாமல் இருப்பது. சேலத்தில் இந்தத் தேதி தவறுவதற்கு என்று சில பருவங்கள் உண்டு. ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் தொடங்கித் தெருவுக்குத் தெரு பண்டிகை, பூச்சாட்டல், பொங்கல், உறவினர் வருகை. ‘புள்ளை நல்லாத்தானே ஓடியாடுது, ஆடி கழியட்டும் சாமி’ என்று பாட்டி சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. ஆடி கழிந்தால் காலாண்டுப் பரீட்சை, பிறகு தீபாவளி. கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை பார்ப்பவருக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் லீவு போடுவது சம்பளத்தையே விடுவது. இது யாருடைய அலட்சியமும் இல்லை, வாழ்க்கை அப்படித்தான் ஓடுகிறது. அதனால்தான் ஸ்டென்ட் எடுக்கும் நாளை டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே ஆஸ்பத்திரியில் பதிவு செய்துகொள்வது நல்லது. தினசரிக் காலண்டரில் அந்தத் தாளில் எழுதி மடித்து வையுங்கள், செல்போனில் ஒரு வாரம் முன்னதாக அலாரம் வையுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் நடந்திருந்தால், ஸ்டென்ட் எடுப்பதும் அதில் வருமா, தனியாக அனுமதி வாங்க வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். பணம் புரட்டுவதற்காகத் தள்ளிப்போகும் தேதிகள்தான் அதிகம்.

அடக்கிவைக்கும் பழக்கம்

தேதிக்கு அடுத்தபடியாக நான் வைப்பது மருந்தை அல்ல, கழிப்பறையை. சிறுநீர்ப்பையில் தேங்கி நிற்கும் சிறுநீரில்தான் கிருமி பெருகுகிறது. ஸ்டென்ட் இருக்கும்போது பை நிரம்பினால் மேலே வேறு ஏறுகிறது. எனவே விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, வந்தாலும் வராவிட்டாலும், குழந்தையை ஒன்னுக்கு அனுப்ப வேண்டும். போய் முடித்ததும் ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி ஒரு முறை முயலச் சொல்ல வேண்டும். மேலே ஏறி இறங்கிய மிச்சம் அப்போது வெளியேறும்.

வீட்டில் இது நடக்கும். பள்ளிக்கூடத்தில்தான் நடப்பதில்லை. காலை எட்டு மணிக்கு வேனில் ஏறும் பெண் குழந்தை, மாலை வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுகிறாள் என்றால் அவள் அன்று முழுக்க அடக்கியிருக்கிறாள் என்று அர்த்தம். தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், நாற்றம், ‘இன்டர்வெல்ல போ’ என்று உட்காரவைக்கும் ஆசிரியர் என்று எத்தனையோ காரணம். அடக்குவதற்கு வசதியாகத் தண்ணீரையும் குடிக்காமல் பாட்டிலை நிறைத்தபடியே திருப்பிக் கொண்டுவருவாள். வகுப்பாசிரியரிடம் டாக்டர் சீட்டின் நகலோடு நேரில் போய், ‘டீச்சர், உள்ள ஒரு டியூப் வெச்சிருக்காங்க, கேட்டவுடனே அனுப்பிடுங்க’ என்று சொல்லி வைத்தால் பெரும்பாலானவர்கள் ஒத்துழைக்கிறார்கள். ஏற்காட்டில் விடுதிப் பள்ளிகளும் மலைவாழ் மாணவர்களுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே தங்கிப் படிக்கும் பிள்ளையாக இருந்தால் வார்டனுக்கும் தெரிய வேண்டும். முடிந்தால் ஸ்டென்ட் எடுக்கும்வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தில் சேலமும் சேர்வராயன் மலையும் இரண்டு வேறு ஊர்கள். சித்திரை வெயிலில் சேலத்தில் குழந்தை குடிப்பதில் பாதி வியர்வையாகப் போய்விடும். சிறுநீர் மஞ்சள் கடுத்துக் கொஞ்சமாக வரும். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டிலோ மார்கழிக் குளிரில் தாகமே எடுக்காது. அரை டம்ளர் காப்பியோடு நாளை ஓட்டிவிடும் பிள்ளைகள் உண்டு. இரண்டு இடத்திலும் அளவுகோல் ஒன்றுதான், சிறுநீர் வெளிறிய நிறத்தில் வருகிறதா என்பது. ஐந்தாறு வயதுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், வெயில் நாளில் அதற்கும் மேல். மலையில் வெதுவெதுப்பாகக் கொடுத்தால் குடிப்பார்கள். நன்னாரி, சீரகத் தண்ணீர், மோர் எதுவும் தப்பில்லை. சிறுநீரகத்தின் வேலை ஏற்கெனவே குறைந்திருக்கும் குழந்தைகளுக்கு மட்டும் தண்ணீரின் அளவையும், பொட்டாசியம் நிறைந்த இளநீர் தரலாமா என்பதையும் டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மலச்சிக்கலைப் பற்றி யாரும் கேட்பதில்லை, பெற்றோரும் சொல்வதில்லை. குடலில் கெட்டியாகத் தேங்கும் மலம் பக்கத்தில் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தி அதை முழுதாகக் காலியாக விடாது. சிறுநீர்த் தொற்றுக்கு முதல் காரணியான ஈ.கோலி குடலில் வாழ்வதுதான்; மலம் தேங்கினால் அதன் பெருக்கமும் கூடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஸ்டென்டின் கீழ்ச்சுருள் சிறுநீர்ப்பையை உரசி அடிக்கடி இழுத்துப் பிடிப்பதால், அதை அடக்க ஆக்ஸிபியூட்டினின் போன்ற மருந்து தருவார்கள். வலி குறையும், ஆனால் அந்த மருந்தே மலத்தைக் கட்டும், சில சமயம் சிறுநீரையும் முழுதாகப் போக விடாது. ஆகவே அந்த மருந்து எழுதியிருந்தால் மலம் இளகப் போவதற்கும் ஏதாவது வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். வீட்டில் கீரை, கொய்யா, பப்பாளி, பூவன் பழம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காரும் குழந்தைக்குக் கால் தொங்காமல் ஊன்ற ஒரு மணை.

சுத்தம் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும், டயப்பர் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், டெட்டால் சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாது. ஆண் குழந்தையின் முன்தோலை வலுக்கட்டாயமாகப் பின்னுக்கு இழுக்கவே கூடாது. முன்தோல் மிகவும் இறுக்கமாக இருந்து தொற்று திரும்பத் திரும்ப வந்தால், அதை நெகிழவைக்கும் களிம்போ சுன்னத்தோ உதவும். 2005-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, எந்தக் கோளாறும் இல்லாத 111 பையன்களுக்குச் சுன்னத் செய்தால் ஒரு தொற்று தடுக்கப்படும். சிறுநீர் கடுமையாக மேலேறும் கோளாறு உள்ளவர்களில் நான்கு பேருக்குச் செய்தாலே ஒன்று தடுக்கப்படும். எல்லாருக்கும் வேண்டியதில்லை, சிலருக்கு நிறையப் பயன் என்பதுதான் அதன் பொருள். குழாயோ நூலோ வெளியே தெரியும்படி வைத்திருந்தால் கிணற்றுக் குளியலும் நீச்சலும் வேண்டாம்.

ராத்திரி சிரப்

பல டாக்டர்கள் ஸ்டென்ட் இருக்கும்வரை தினமும் இரவில் ஒரு வேளை, குறைந்த அளவில் ஆன்டிபயாட்டிக் தருகிறார்கள். டிரைமெத்தோபிரிம் கலந்தது, நைட்ரோஃபியூரன்டாயின், செஃபலெக்ஸின் ஆகியவை வழக்கமானவை. இரவில் தருவதற்குக் காரணம், குழந்தை தூங்கும் எட்டு மணி நேரமும் சிறுநீர் பையிலேயே நிற்கிறது. மருந்தும் அதோடு நிற்கட்டும் என்பது. வேறு சில டாக்டர்கள் இதைத் தருவதே இல்லை. பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு எழுதியதை நம் குழந்தைக்கு எழுதவில்லையே என்று பதறுவோருக்கு இந்தக் கருத்து வேற்றுமையின் பின்னணி தெரிந்தால் நல்லது.

இதை ஓரளவு தெளிவாகச் சொல்வது 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. ஸ்டென்ட் வைத்தவர்களைப் பற்றியது அல்ல, சிறுநீர் மேலேறும் கோளாறு உள்ள 607 குழந்தைகளைப் பற்றியது. பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டு தினமும் மருந்து, பாதிப் பேருக்கு வெறும் போலி மருந்து. மருந்து சாப்பிட்டவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் சிறுநீரகத்தில் விழும் தழும்பு இரு தரப்பிலும் ஒரே அளவுதான். மருந்து சாப்பிட்டும் ஈ.கோலி தொற்று வந்தவர்களில் 63 சதவீதத்தினருக்கு அந்த மருந்துக்கே மசியாத கிருமி. போலி மருந்துத் தரப்பில் அது 19 சதவீதம். தொற்று வருவது குறைகிறது, வந்தால் முரட்டுக் கிருமியாக வருகிறது. ஆறு வாரமே இருக்கப்போகும் ஸ்டென்டுக்கு இந்த விலை கொடுக்கலாமா என்பதில்தான் டாக்டர்கள் பிரிகிறார்கள். கைக்குழந்தை, ஏற்கெனவே காய்ச்சலோடு தொற்று வந்த குழந்தை, சிறுநீர் மேலேறுவதும் சேர்ந்திருக்கும் குழந்தை ஆகியோருக்குத் தருவது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. எழுதிக் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை விடாமல் தர வேண்டும். இரண்டு நாள் தந்து மூன்று நாள் விடுவதில் ஒரு பயனும் இல்லை.

ஸ்டென்டையே கிருமி ஒட்டாத பொருளால் செய்தால் என்ன? முயன்றிருக்கிறார்கள். வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு. கொலுசு ஊரான சேலத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, குழந்தைக்கு வெள்ளிச் சங்கில் பால் புகட்டிய ஊர்தானே. சிறுநீர் வெளியேறுவதற்காகச் சிறுநீர்ப்பையில் வைக்கும் கதீட்டர் குழாய்களுக்கு வெள்ளிக் கலவை பூசி, பிரிட்டனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் ஒப்பிட்டார்கள். 2012-ல் வந்த முடிவு: சாதாரணக் கதீட்டரைவிடச் சொல்லிக்கொள்ளும்படி நன்மை இல்லை. பூச்சின் மீதும் புரதப் படலம் படிந்துவிட்டால் அடியில் இருப்பது வெள்ளியா பிளாஸ்டிக்கா என்பது கிருமிக்கு ஒரு பொருட்டில்லை.

எது தொற்று, எது தொற்று இல்லை

ஸ்டென்ட் உள்ள குழந்தை ‘எரியுது’ என்று சொல்லும், அடிக்கடி ஓடும், ஓடியாடி விளையாடினால் சிறுநீர் லேசாகச் சிவக்கும். இவை ஸ்டென்ட் உரசுவதாலேயே வரக்கூடியவை. லேபில் கொடுத்தால் ‘பஸ் செல்ஸ் (சீழ் அணுக்கள்) 15–20’ என்று வரும், ரத்த அணுக்களும் இருக்கும். இதுவும் ஸ்டென்டின் வேலையாக இருக்கலாம். காய்ச்சல் இல்லாத, நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிற குழந்தைக்கு இந்தக் காகிதத்தைப் பார்த்து மட்டும் ஆன்டிபயாட்டிக் தொடங்குவது, அடுத்து வரும் கிருமியை முரடாக்கும் வேலை. மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி ‘அந்த செஃபிக்ஸிம் ஒரு பாட்டில் கொடுங்க’ என்று வாங்கி ஊற்றுவது இன்னும் மோசம்; இரண்டு வேளை உள்ளே போனாலே அதற்குப்பின் எடுக்கும் கல்ச்சரில் கிருமி முளைக்காமல் போகலாம், எந்த மருந்து கேட்கும் என்பது தெரியாமலே போய்விடலாம். நீர்க்கடுப்புக்குக் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுகிற கை வைத்தியத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. காய்ச்சலும் இருக்கும்போது அதைத் தடவிவிட்டு விடியட்டும் என்று காத்திருந்தால்தான் கெடுதல்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், வாந்தி, விலா வலி, கைக்குழந்தையாக இருந்தால் பால் குடிக்க மறுப்பது, காரணமில்லாத அழுகை, சோர்வு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த அளவு காய்ச்சலே அவசர நிலை. சிகிச்சை 48 மணி நேரத்தைத் தாண்டித் தாமதமானால் சிறுநீரகத்தில் தழும்பு விழும் வாய்ப்பு கூடுகிறது. அந்தத் தழும்புதான் பிற்காலத்தில் ரத்த அழுத்தமாகத் திரும்பி வரும். போனதும் முதல் வாக்கியமாக ‘உள்ள ஸ்டென்ட் இருக்குங்க டாக்டர்’ என்று சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுங்கள். மழைக்காலத்தில் எந்தக் காய்ச்சலையும் டெங்கு, வைரல் என்று பார்க்கும் வழக்கம் இருப்பதால், சொல்லாவிட்டால் சிறுநீரைப் பரிசோதிக்கவே தோன்றாமல் போகலாம். ஸ்டென்ட் அடைத்திருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்று ஸ்கேனும் பார்க்க வேண்டியிருக்கும்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பை ஒட்டி எடுக்கும் சிறுநீரில் தோலில் இருக்கும் கிருமியும் கலந்துவிடுவதால் கல்ச்சருக்கு அது ஆகாது. கழுவித் துடைத்துவிட்டு, நடுவில் வரும் சிறுநீரை நேராகப் புட்டியில் பிடிக்க வேண்டும். எப்போது வரும் என்று காத்திருப்பது பெரும்பாடு. ஆஸ்திரேலியாவில் 354 கைக்குழந்தைகளிடம் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சுத் துணியால் அடிவயிற்றில் வட்டமாகத் தேய்த்தபோது 31 சதவீதம் பேர் ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் விட்டார்கள். தேய்க்காதபோது 12 சதவீதம்தான். காசு செலவில்லாத உபாயம்.

பிடித்த மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் புட்டிக்குள்ளேயே கிருமி பெருகி, இல்லாத தொற்று இருப்பதாகக் காட்டும். நாகலூரிலோ மாரமங்கலத்திலோ காலையில் வீட்டில் பிடித்த சிறுநீர், பஸ்ஸுக்குக் காத்திருந்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம் தாண்டிச் சேலம் லேபுக்கு வரும்போது மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். அந்த ரிப்போர்ட்டை நம்பி மருந்து கொடுப்பதில் அர்த்தமில்லை. மலையிலிருந்து வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபின் பிடித்துக் கொடுப்பதே சரி. வேறு வழியில்லை என்றால் ஐஸ் போட்ட பிளாஸ்கில், புட்டியை நன்றாக மூடிக் கொண்டுவரலாம். இரவில் காய்ச்சல் வந்தால் எந்த வண்டியில் இறங்குவது, யாரைக் கூப்பிடுவது என்பதை, 108 உட்பட, ஸ்டென்ட் வைத்த வாரமே மலைக் குடும்பங்கள் யோசித்து வைத்திருப்பது நல்லது.

ஸ்டென்ட் எடுப்பதற்குச் சில நாள் முன்பு பெரும்பாலும் ஒரு கல்ச்சர் கேட்பார்கள். கிருமி இருந்தால் அதற்கு மருந்து தொடங்கிவிட்டுத்தான் எடுப்பார்கள். உள்ளே கருவி போகும்போது கிருமி ரத்தத்தில் கலந்துவிடாமல் இருக்க இது தேவை. பெரியவர்களுக்கு மரப்பு ஜெல் போதும். குழந்தைகள் அசையாமல் இருக்க மாட்டார்கள் என்பதால் சிறிது நேரம் மயக்கம் கொடுத்து, சிறுநீர்த் துவாரம் வழியாகவே மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பிடித்து இழுத்துவிடுவார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும். பெரும்பாலும் அன்று மாலையே வீடு திரும்பலாம். ஓரிரு நாள் எரிச்சலும் லேசான சிவப்பும் இருக்கும். காய்ச்சலோ, தாங்க முடியாத விலா வலியோ வந்தால் அது வழக்கமானது அல்ல, திரும்பக் கூட்டிப்போக வேண்டும். இரவு சிரப்பை அன்றே நிறுத்துவதா, அடுத்த ஸ்கேன்வரை தொடர்வதா என்பதைக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஸ்கேன் பொதுவாகச் சில வாரங்களுக்குப் பின் வரும். வீக்கம் குறைந்திருக்கிறதா, தைத்த இடம் அடைபடாமல் சிறுநீருக்கு வழிவிடுகிறதா என்று அதில்தான் தெரியும். ஸ்டென்ட் எடுத்தாயிற்றே என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.